கச்சத்தீவு ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவும் பங்கு வயல்களின் இருப்பு அளவீடும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் செய்துகொண்ட கடல் எல்லை ஒப்பந்தங்கள் தமிழ்ச் சூழலில் பெரும்பாலும் கச்சத்தீவு, மீன்பிடி உரிமை என்னும் இரு பொருள்களை முன்வைத்தே பேசப்படுகின்றன. எல்லைக்கோட்டைக் கடந்து பரவியிருக்கும் எண்ணெய், எரிவாயு வயல்களைப் பற்றியும் இவ்விரு ஒப்பந்தங்களிலும் ஒரு பிரிவு உண்டு. அப்பிரிவு பங்கீட்டைப் பேசுகிறது. பங்கீட்டிற்கு அடிப்படையான அளவீட்டைப் பேசவில்லை. வடகடலின் ஃபிரிக் வயல், கிருஷ்ணா–கோதாவரிப் படுகையின் எரிவாயு வழக்கு ஆகியவற்றோடு ஒப்பிட்டு, இவ்விடுபாட்டின் பொருளை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கச்சத்தீவு, பாக் நீரிணை, மன்னார் வளைகுடா, இருப்பு அளவீடு, பங்கு வயல், பழைய ராமநாதபுரம் மாவட்டம்.

முன்னுரை

1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு உருவாக்கப்பட்ட ராமநாதபுரம் மாவட்டம், மேற்கே மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்திலிருந்து கிழக்கே பாக் நீரிணை வரை நீண்டிருந்தது. சிவகாசி, சாத்தூர், விருதுநகர், திருவில்லிபுத்தூர் ஆகியன அதன் மேற்குப் பகுதியாகவும், ராமேசுவரம் தீவு அதன் கிழக்கு முனையாகவும் இருந்தன. 1985 மார்ச்சில் அம்மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோதுதான் இன்றைய விருதுநகர் மாவட்டம் தனித்து நின்றது. எனவே 1974 சூன் மாதத்தில் கச்சத்தீவு ஒப்பந்தம் கையெழுத்தானபோது, சிவகாசியும் ராமேசுவரமும் ஒரே மாவட்டத்தின் ஊர்கள். 1920களில் வேரூன்றிய சிவகாசித் தீப்பெட்டித் தொழில், குச்சிகளைத் தோய்த்தெடுக்கப் பெட்ரோலிய மெழுகைப் பயன்படுத்தியது. அதே மாவட்டத்தின் மறுகோடியில், கடலடிப் பாறைகளில் பெட்ரோலியம் இருக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பு ஓர் ஒப்பந்தத்தின் வாசகமாக மாறிக்கொண்டிருந்தது.

அவ்வாசகம் 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு ஆகும். எட்டுப் பிரிவுகளே கொண்ட அவ்வொப்பந்தத்தில், இந்திய மீனவரும் யாத்திரிகரும் கச்சத்தீவுக்குச் சென்றுவருவதைப் பற்றிய ஐந்தாம் பிரிவும், இரு நாட்டுக் கலங்களின் மரபுவழி உரிமைகளைப் பற்றிய ஆறாம் பிரிவும் விரிவான விவாதத்திற்கு உள்ளாகியுள்ளன. 2008இல் ஜெ. ஜெயலலிதா உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கும் தீவின் உரிமையையே மையமாகக் கொண்டது. ஏழாம் பிரிவு இவ்விவாதங்களின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. அப்பிரிவின் சொற்களை உற்றுநோக்கி, அவை எதனைத் தீர்க்கின்றன, எதனைத் தீர்க்காமல் விடுகின்றன என்பதைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பங்குக் கிணறும் பக்கத்துக் கிணறும்

பூமிக்கடியில் எல்லையறியாது கிடக்கும் பொருளைப் பங்கிடும் சிக்கல் கரிசல் நிலத்து உழவர்க்குப் புதிதன்று. விருதுநகர் வட்டாரம் போன்ற வானம் பார்த்த பூமியில் இருவகைக் கிணறுகள் உண்டு. முதல் வகை பங்குக் கிணறு. உடன்பிறந்தாரோ உறவினரோ பலர் ஒரே கிணற்றில் பங்குடையோராக இருப்பர். நிலப் பத்திரங்களில் கிணற்றில் நான்கில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு என்று பின்னக் கணக்கில் அவரவர் உரிமை எழுதப்படும். யார் எந்த நாளில் இறைப்பது என்பதற்கு முறை வைக்கப்படும். இரண்டாம் வகை பக்கத்துக் கிணறு. தன் நிலத்தில் தான் வெட்டிய கிணற்றை ஒருவர் ஆழப்படுத்தினால், அடுத்தவர் கிணற்றின் நீர்மட்டம் இறங்கும். கமலை போய் மின்மோட்டார் வந்தபின் இவ்விறக்கம் விரைவுபட்டது. எனினும், வரையறுத்த ஓடையாக ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமை நில உடைமையாளருக்கு உண்டு என்று இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882இலேயே கூறிவிட்டமையால், பாதிக்கப்பட்டவருக்குத் தானும் கிணற்றை ஆழப்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

எண்ணெய்ச் சட்டத்தின் வரலாறும் பக்கத்துக் கிணற்றிலிருந்தே தொடங்குகிறது. 1889இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் எண்ணெயையும் எரிவாயுவையும் காட்டு விலங்குகளோடு ஒப்பிட்டது. இடம்பெயரும் இயல்புடைய அவை, எவர் நிலத்தில் பிடிபடுகின்றனவோ அவருக்கே உரியவை என்பது அதன் கருத்து. ‘பிடித்தவர்க்கே உரிமை’ என்னும் இவ்விதி அமெரிக்க வயல்களில் பெரும் போட்டியை விளைவித்தது. 1930இல் கண்டறியப்பட்ட கிழக்கு டெக்சாஸ் வயலில் நெருக்கமாகத் தோண்டப்பட்ட கிணறுகளால் உற்பத்தி கட்டுமீறிப் பெருகவே, மறு ஆண்டு அங்கே படையினர் அனுப்பப்பட்டனர். இப்போட்டியில் இழப்பு பங்கீட்டோடு நிற்பதில்லை. அவசர உற்பத்தியால் பாறையின் இயல்பழுத்தம் வீணாகி, எடுக்கக்கூடிய எண்ணெயில் ஒரு பகுதி நிலத்தடியிலேயே தங்கிவிடும். வயல் முழுவதையும் ஒரே அலகாகக் கருதி, முன்கூட்டியே பங்கு வகுத்து, ஒரே இயக்குநரின் பொறுப்பில் எடுக்கும் முறை இவ்வனுபவத்திலிருந்தே பிறந்தது. அது பக்கத்துக் கிணறுகளைப் பங்குக் கிணறாக மாற்றும் முயற்சி எனலாம்.

2. 1970களின் சூழலும் ஏழாம் பிரிவும்

காவிரிப் படுகை என்று புவியியலார் குறிப்பிடுவது ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பரப்பை அன்று. நிலத்திலும் கடலடியிலும் படிந்த படிவுப்பாறைத் தொகுதியை. ராமநாதபுரம்–பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா ஆகியன அதன் துணைப்படுகைகள். மண்டபத்தையும் நெடுந்தீவையும் இணைக்கும் பாறைமேடு இவற்றைப் பிரிக்கிறது. அம்மேட்டின் பெயரே இரு நாடுகளின் ஊர்ப்பெயர்களால் ஆனது என்பது, இப்படுகை அரசியல் எல்லையை அறியாதது என்பதற்குச் சான்றாகும்.

இந்திய எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் (ஓ.என்.ஜி.சி.) 1964இல் காரைக்காலில் துளையிட்டு இப்படுகையில் தேடலைத் தொடங்கியது. 1973இன் எண்ணெய் நெருக்கடி இரு நாடுகளையும் உலுக்கியது. 1974இல் பம்பாய்க்கு மேற்கே கடலில் எண்ணெய் கண்டறியப்பட்டது. அதே காலப்பகுதியில் சோவியத் உதவியுடன் மன்னார் தீவின் பேசாலையில் இலங்கை ஆய்வுக் கிணறுகளைத் தோண்டியது. 1976இல் பாக் விரிகுடாவிலும் துளையிடல் நடந்தது. வணிக அளவிலான எண்ணெய் கிடைக்கவில்லையாயினும், எதிர்பார்ப்பு மெய்யானது.

இச்சூழலில் 1974 சூன் 26இல் கொழும்பிலும் 28இல் புதுதில்லியிலும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்திரா காந்தியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு கூறுவதன் சாரம் வருமாறு: தனியொரு பெட்ரோலிய அல்லது எரிவாயு அமைப்போ வயலோ எல்லையைக் கடந்து பரவியிருந்து, ஒரு பக்கத்தில் உள்ள அதன் பகுதி மறுபக்கத்திலிருந்து எடுக்கப்படுமாயின், அதனை மிகுந்த பயனுடன் எடுக்கும் முறையையும், வருவாயைப் பங்கிடும் முறையையும் குறித்து இரு நாடுகளும் உடன்பாடு காண முயலும். மன்னார் வளைகுடா, வங்காள விரிகுடா எல்லைகளை வகுத்த 1976 மார்ச் 23ஆம் நாள் ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவும் இதே பொருளைக் கூறுகிறது.

இவ்வாசகத்தின் மூலவடிவம் 1965இல் பிரிட்டனும் நார்வேயும் வடகடலுக்காகச் செய்த எல்லை ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு. சொற்கள் ஏறத்தாழ ஒன்றே, வேறுபாடுகள் இரண்டு. வடகடல் வாசகம், மறுபக்கத்திலிருந்து ‘எடுக்கத்தக்கதாக’ இருந்தாலே உடன்பாடு காணும் கடமை எழும் என்கிறது. நம் ஒப்பந்தமோ ‘எடுக்கப்படுமாயின்’ என்கிறது. வடகடல் வாசகம் உரிமம் பெற்ற நிறுவனங்களைக் கலந்தாலோசிக்கப் பணிக்கிறது. நம் ஒப்பந்தத்தில் அத்தொடர் இல்லை. முதல் வேறுபாடு சொல்லளவில் சிறிது, விளைவில் பெரிது. எடுக்கத்தக்க நிலையில் பேச்சு தொடங்கினால் வயல் இன்னும் முழுமையாக இருக்கும். எடுக்கப்பட்டபின் தொடங்கினாலோ, அளக்க வேண்டிய பொருளில் ஒரு பகுதி ஏற்கெனவே வெளியேறியிருக்கும்.

3. இருப்பு என்னும் எண்

வருவாயைப் பங்கிட வேண்டுமாயின் ஒவ்வொரு பக்கத்திலும் எவ்வளவு இருந்தது என்பது தெரிந்தாக வேண்டும். பாறைக்குள் இருப்பதை நேரில் கண்டு அளக்க இயலாது. நில அதிர்வலை ஆய்வும், ஆங்காங்கே தோண்டிய கிணறுகளின் பதிவுகளும் தரும் குறைந்த தரவுகளிலிருந்து ஊகித்தே அறிய வேண்டும். தொடக்கநிலையில் பயன்படும் கொள்ளளவு முறையில், வயலின் பரப்பு, எண்ணெய் தாங்கும் பாறையின் நிகரத் தடிமன், நுண்துளை விகிதம், அத்துளைகளில் நீர் நீங்கிய பங்கு ஆகியன ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன. மேற்பரப்புக்கு வரும்போது ஏற்படும் கன அளவு மாற்றத்திற்கேற்ப அத்தொகை திருத்தப்படும். அதில் எடுக்கக்கூடிய பகுதியே ‘இருப்பு’ எனப்படும்.

இம்முறையில் பங்கு எவ்வாறு மாறும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு வயலின் பரப்பில் 60 பங்கு ‘அ’ நாட்டிலும் 40 பங்கு ‘ஆ’ நாட்டிலும் உள்ளன எனக் கொள்வோம். பாறையின் தடிமன் ‘அ’வில் 10 மீட்டர், ‘ஆ’வில் 20 மீட்டர் எனில், பாறைக் கன அளவின் விகிதம் 600:800; அதாவது ஏறத்தாழ 43:57. நுண்துளை விகிதம் ‘அ’வில் 20 விழுக்காடு, ‘ஆ’வில் 15 விழுக்காடு எனில், துளைக் கன அளவு 120:120, அதாவது சரிபாதி. துளைகளில் நீர் ‘அ’வில் 30 விழுக்காடும் ‘ஆ’வில் 50 விழுக்காடும் எனில், எஞ்சுவது 84:60, அதாவது 58:42. ஒரே வயலில், பெரும்பங்கு முதலில் ‘அ’விடமும் பின்னர் ‘ஆ’விடமும் சென்று, சமநிலையைக் கடந்து, மீண்டும் ‘அ’விடமே திரும்புகிறது. எந்தக் கட்டத்தில் கணக்கை நிறுத்துவது, எவருடைய கிணற்றுப் பதிவை நம்புவது என்பவை தொழில்நுட்ப முடிவுகள்போல் தோன்றினும், அவையே உரிமையைத் தீர்மானிக்கின்றன.

உற்பத்தி தொடங்கியபின் வேறொரு முறையும் கைகூடும். எடுத்த அளவுக்கு எவ்வளவு அழுத்தம் குறைந்தது என்பதைக்கொண்டு மொத்தத்தைக் கணிக்கும் பொருட்சமநிலை முறை அது. ஆனால் தொடக்க அழுத்தம் எவ்வளவு என்பதை நம்பகமாகப் பதிந்து வைத்திருந்தாலன்றி அக்கணக்கு நில்லாது. பங்கு வயலில், உற்பத்திக்கு முந்தைய அழுத்தப் பதிவை இரு தரப்பும் ஏற்றிருக்க வேண்டும்.

4. ஃபிரிக்: எடுப்பதற்கு முன் அளந்த வயல்

1971இல் கண்டறியப்பட்ட ஃபிரிக் எரிவாயு வயல் பிரிட்டன்–நார்வே எல்லையின் இருபுறமும் பரவியிருந்தது. 1976 மே 10இல் இரு அரசுகளும் அவ்வயலுக்கெனத் தனி ஒப்பந்தம் செய்தன. இந்தியா–இலங்கையின் இரண்டாவது எல்லை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் அதே நாளில்தான். ஓரிடத்தில் பொதுவாசகம் தனி வயலுக்கான நடைமுறையாக வளர்ந்த நாளில், மற்றோரிடத்தில் அது வாசகமாகவே நிலைபெற்றது.

ஃபிரிக் ஒப்பந்தம் வயலை ஓரலகாக இயக்க வேண்டும் என்றது. உரிமம் பெற்றோர் பங்கீட்டைக் கணித்து அரசுகளின் ஒப்புதலுக்கு அளிக்க வழிவகுத்தது. அரசுகள் உடன்படாவிடில் நடுநிலை வல்லுநரை நாடவும், புதிய தரவு கிடைக்கும்போது மறு அளவீடு செய்யவும் இடமளித்தது. உற்பத்தி 1977 செப்டம்பரில்தான் தொடங்கியது. நார்வேக்கு 60.82 விழுக்காடு, பிரிட்டனுக்கு 39.18 விழுக்காடு எனப் பங்கு வகுக்கப்பட்டது. ஸ்டாட்ஃபியோர்டு வயலில் மறு அளவீடுகளுக்குப் பின் பங்கு 85.47:14.53 என நிலைத்தது. இத்தகைய எண்களின் நுண்மை பாறையைப் பற்றிய உறுதியைக் காட்டுவதன்று. கணிக்கும் முறையில் இரு தரப்பும் கொண்ட உடன்பாட்டைக் காட்டுவது.

5. கிருஷ்ணா–கோதாவரி: எடுத்தபின் அளந்த வயல்

இந்திய அனுபவம் இதற்கு நேர்மாறானது. ஆந்திரக் கடற்பகுதியில் ரிலையன்ஸ் குழுமம் இயக்கிய கே.ஜி.-டி6 தொகுதியில் 2009 ஏப்ரலில் எரிவாயு உற்பத்தி தொடங்கியது. இத்தொகுதியின் கணிப்பே ஏறி இறங்கியது. 2006ஆம் ஆண்டின் மேம்பாட்டுத் திட்டத்தில் எடுக்கத்தக்க அளவு சுமார் 10 டிரில்லியன் கன அடி எனக் கொள்ளப்பட்டது. பின்னர் அது ஏறத்தாழ 3 டிரில்லியனாகக் குறைக்கப்பட்டது. ஒரே இயக்குநரின் ஒரே தொகுதியிலேயே கணிப்பு இவ்வளவு மாறுமாயின், அண்டைத் தொகுதிகளுக்கிடையே பங்கைக் கணிப்பது எத்துணை அரிது என்பது வெளிப்படை.

தன் அண்டைத் தொகுதிகளின் தேக்கப்பாறை கே.ஜி.-டி6இன் பாறையோடு தொடர்ச்சியுடையது என்று 2013இல் ஓ.என்.ஜி.சி. ஒழுங்குமுறை அமைப்பிடம் முறையிட்டது. 2014இல் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடியது. இரு நிறுவனங்களும் ஏற்ற அமெரிக்க மதிப்பீட்டு நிறுவனமான டிகோலையர் அண்ட் மெக்நாட்டன் 2015 நவம்பரில் அறிக்கை அளித்தது. 2015 மார்ச் 31 வரை ஓ.என்.ஜி.சி. தொகுதிகளிலிருந்து 11.122 பில்லியன் கன மீட்டர் வாயு இடம்பெயர்ந்தது என்றும், அதில் 8.981 பில்லியன் கன மீட்டர் கே.ஜி.-டி6 வழியே எடுக்கப்பட்டது என்றும் அது கணித்தது. இடம்பெயர்ந்தது வேறு, எடுக்கப்பட்டது வேறு. இவற்றுள் எது இழப்பு என்பதைக் கணிப்பாளர் சொல்ல முடியாது, விதியே சொல்ல வேண்டும்.

விதியோ எடுத்தபின் தேடப்பட்டது. 2016இல் நீதிபதி ஏ.பி. ஷா குழு, இவ்வாயுவின் உரிமை அரசுக்கே உரியது, எனவே ஈடு கோரும் தகுதியும் அரசுக்கே உண்டு என்றது. அரசு சுமார் 155 கோடி டாலர் கோரியது. 2018இல் நடுவர் தீர்ப்பாயம் 2:1 என்ற பெரும்பான்மையில், ஒப்பந்தக்காரர் தம் எல்லைக்குள் முறையாகத் தோண்டிய கிணற்றில் வந்த வாயுவை எடுப்பதை ஒப்பந்தம் தடுக்கவில்லை எனக் கூறி அரசின் கோரிக்கையை மறுத்தது. 2023 மே மாதத்தில் தில்லி உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி அம்முடிவை உறுதிசெய்தார். 2025 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அதனை ரத்து செய்தது.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. அரசமைப்பின் 297ஆம் உறுப்பின்படி கடலடிக் கனிமம் ஒன்றியத்திற்கு உரியது. அதாவது கோதாவரிக் கடலில் கோட்டின் இருபுறமும் உரிமையாளர் ஒருவரே, ஒழுங்குமுறை அமைப்பு ஒன்றே, நீதிமன்றமும் ஒன்றே. கூட்டு மேம்பாட்டுக்கான பிரிவும் உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தத்தில் இருந்தது. அவ்வளவும் இருந்தும், அளவீடு பிந்தியதால் தகராறு பத்தாண்டைக் கடந்து நீண்டது.

6. ஏழாம் பிரிவின் விடுபாடுகள்

மேற்கண்ட இரு அனுபவங்களின் ஒளியில் ஏழாம் பிரிவை நோக்கினால் மூன்று விடுபாடுகள் புலனாகின்றன. முதலாவது, காலம்: கடமை எழுவது எடுப்பு நிகழ்ந்த பின்னர். இரண்டாவது, தரவு: எல்லையோரத்தில் ஆய்வு செய்யும் நாடு தன் அதிர்வலைப் பதிவையோ கிணற்றுப் பதிவையோ மற்றதனுடன் பகிர வேண்டும் என்ற கடமை இல்லை, ஆகவே, எடுப்பு நிகழ்கிறதா என்பதையே மறுதரப்பு மெய்ப்பிப்பது அரிது. மூன்றாவது, நடுவர்: உடன்பாடு காண ‘முயலும்’ கடமை மட்டுமே உண்டு; முயற்சி தோற்றால் கணிப்பவர் யார் என்பது சொல்லப்படவில்லை. 1976ஆம் ஆண்டு ஒப்பந்தம் தகராறுகளைப் பேச்சுவார்த்தைக்கு விடுகிறதேயன்றி வல்லுநரிடம் விடவில்லை.

இவ்விடுபாடுகள் இதுவரை சோதனைக்கு உள்ளாகாமைக்குக் காரணம், எல்லையை ஒட்டி உற்பத்தி நிகழாமையே. ஆயினும் சூழல் மாறாது என்று கொள்ள முடியாது. ராமநாதபுரம் மாவட்ட வயல்களின் எரிவாயு வழுதூர் மின்நிலையத்தை இயக்கியுள்ளது. 2011இல் மன்னார்ப் படுகையின் இலங்கைப் பகுதியில் கெய்ர்ன் நிறுவனம் எரிவாயுவைக் கண்டறிந்தது. 2025இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு வழங்கப்பட்ட சுற்றுச்சூழல் அனுமதி கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. உயிர்க்கோளக் காப்பகமான மன்னார் வளைகுடாவில் எண்ணெய் எடுக்கத்தான் வேண்டுமா என்பது தனித்துப் பேசத்தக்க வினா. வேண்டாம் என்று முடிவெடுப்போர்க்கும் ஏழாம் பிரிவு பொருட்டாகும். ஏனெனில் ஒரு நாடு எடுக்காமல் விட்ட வாயுவை மறு நாடு தன் பக்கத்திலிருந்து எடுத்துவிடாமல் காக்கும் ஏற்பாடு அப்பிரிவில் இல்லை.

முடிவுரை

பங்கு வயலின் இருப்பு, முதலில் கண்டறியப்பட்டுப் பின்னர் பங்கிடப்படும் ஓர் இயற்கை உண்மை என்ற எண்ணம் பொருந்தாது. எத்தரவை ஏற்பது, எந்நாளைத் தொடக்கமாகக் கொள்வது, எப்போது மீண்டும் அளப்பது என்பன குறித்த உடன்பாட்டிலிருந்தே அவ்வெண் பிறக்கிறது. ஃபிரிக் வயலில் அவ்வுடன்பாடு உற்பத்திக்கு முன் அமைந்தது. கோதாவரிக் கடலில் உற்பத்திக்குப் பின் நீதிமன்றங்களில் தேடப்பட்டது.

இந்தியா–இலங்கை ஒப்பந்தங்களைத் திருத்தாமலேயே, துணை உடன்பாடு ஒன்றால் இக்குறையை நிரப்ப இயலும். எல்லைக்கோட்டின் இருபுறமும் வரையறுத்த தொலைவுக்குள் எடுக்கப்படும் ஆய்வுத் தரவுகளைப் பகிர்தல், முதல் உற்பத்திக்கு முன் தொடக்க அழுத்தத்தை இரு தரப்பும் பதிந்து ஏற்றல், நடுநிலைக் கணிப்பாளரையும் மறு அளவீட்டுக் காலத்தையும் முன்னரே குறித்தல் ஆகிய மூன்றும் அதன் கூறுகளாக அமையலாம். கச்சத்தீவு பற்றிய தமிழ் ஆய்வுகள் ஐந்தாம், ஆறாம் பிரிவுகளுக்கு அளித்த கவனத்தை ஏழாம் பிரிவுக்கும் அளிப்பது இதற்கு முதற்படியாகும்.

பழைய ராமநாதபுரம் மாவட்டத்தின் மேற்கே, பங்குக் கிணற்றுக்குப் பத்திரம் எழுதுவோர் பங்கோடு முறையையும் பேசி முடித்துக்கொண்டனர். அதன் கிழக்குக் கடலுக்கு எழுதப்பட்ட பத்திரத்தில் பங்கு உண்டு என்ற குறிப்பு இருக்கிறது. முறை இன்னும் எழுதப்படவில்லை.